ஐஸ் தடுப்பு சுவிட்சும் கொல்லிமலை வளைவுகளும்

நாமக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, வேளாவேளைக்கு சொட்டு மருந்து விடும் வேலை என்னிடம் வந்துவிட்டது. அதனால்தான் தாமதம். இப்போது நன்றாகப் பார்க்கிறார். நேற்று காலை நாள்காட்டியில் ராகுகாலத்தைக் கண்ணாடி இல்லாமலே படித்துச் சொன்னார். வீடே சந்தோஷப்பட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டிசிஎஸ் என்ற கணினி சிமுலேட்டரில் ஹ்யூயி ஹெலிகாப்டரை ஓட்டும்போது ஐஸ் தடுப்பு சுவிட்சைப் போட்டாய், டார்க் (ரோட்டாரைச் சுற்றும் முறுக்குவிசை) அசையவில்லை, தலைக்கு மேல் சுற்றும் ரோட்டாரின் வேகமும் குறையவில்லை, ஆகவே சுவிட்ச் வெறும் அலங்காரம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ பார்த்த இடம்தான் பிரச்சினை. ஜார்ஜியாவின் கடற்கரை ஊரான பதுமியில் கடல் மட்டத்தில், குளிரில், பாதிச் சுமையோடு பறந்திருக்கிறாய். ஹ்யூயியின் டி-53 என்ஜின் 1400 குதிரைத்திறன் தரக்கூடியது. கியர்பாக்ஸ் தாங்குவதோ 1100தான். குளிர்ந்த, அடர்ந்த காற்றில் அந்த 300க்கு வேலையே இல்லை. சுவிட்ச் எடுத்துக்கொள்வது அதிலிருந்துதான். உனக்கு எப்படித் தெரியும்?

நாம் கல்லூரி முடித்த வருஷம் உன் மாமாவின் சின்னக் காரில் கொல்லிமலை ஏறியது ஞாபகம் இருக்கிறதா? சேந்தமங்கலம் தாண்டி சமதரையில் ஏசி ஓடியது, காரில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாலு பேரோடு மலை ஏறத் தொடங்கி, எழுபது வளைவுகளில் இருபதாவதைத் தொடுவதற்குள் வண்டி திணறி, நீதான் ஏசியை அணைத்தாய். ஏசி சமதரையிலும் அதே அளவு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. கையிருப்பு தீர்ந்த இடத்தில்தான் அது நமக்குத் தெரிந்தது.

ஹெலிகாப்டரில் நடப்பதும் இதுதான். என்ஜினின் வாயில் ஐஸ் கட்டாமல் இருக்க, காற்றை அழுத்தும் கம்ப்ரஸரிலிருந்து சூடான காற்றை உருவி அங்கே அனுப்புகிறார்கள். அந்தக் காற்றை அழுத்த ஏற்கெனவே சக்தி செலவாகிவிட்டது. அது டர்பைன் சக்கரத்தைச் சுழற்றாமல் வெளியே போகிறது. ரோட்டார் வேகத்தைக் காக்கும் கவர்னர் உடனே கூடுதலாக எரிபொருள் விட்டு ஈடுகட்டிவிடும். அதனால் டார்க் மாறாது. மாறுவது வேறு இரண்டு முள்கள்: வாயு வெப்பநிலையும் கம்ப்ரஸர் சுற்றும் வேகமும். அடுத்த முறை சுவிட்சைப் போடும்போது அவற்றைப் பார். எரிபொருளை இதற்கு மேல் ஏற்ற முடியாது என்ற எல்லை வரும்போதுதான் இழப்பு ரோட்டாரில் தெரியும்.

இதைச் சரிபார்க்கவே போன வாரம் சிமுலேட்டரில் மி-8 என்ற ரஷ்ய ஹெலிகாப்டரை எடுத்தேன். டிவி3-117 என்ஜின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2000 குதிரைத்திறன். காகசஸ் மலையில் 3000 மீட்டரை ஒட்டிய ஒரு முகட்டைத் தேர்ந்தேன். எடை 12 டன்னுக்குச் சற்று மேல். வெளியே மைனஸ் எட்டு டிகிரி, மேகம். முதலில் வானத்தைத் தெளிவாக்கி, சுவிட்ச் இல்லாமல் இறங்கினேன். ஹெலிகாப்டரை மேலே தூக்கும் நெம்புகோலான கலெக்டிவ் மேலே வரை வந்தது, ஆனாலும் நின்ற இடத்தில் மிதக்க முடிந்தது. அப்புறம் அதே எடையில், மேகத்துக்குள்ளே சுவிட்சைப் போட்டுக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் ஒரு குறையும் இல்லை. வேகம் குறைந்து மிதக்க வேண்டிய கடைசி இருபது மீட்டரில், 95 சதவீதத்தில் நின்றிருந்த ரோட்டார் வேகம் இறங்கத் தொடங்கியது. கலெக்டிவை இன்னும் இழுத்தேன், இன்னும் இறங்கியது. பாறையில் மோதி உடைந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கை நடுங்கிவிட்டது சேகர். நிஜத்தில் பின்னால் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

காரில் ஏசியை அணைத்தோம். இங்கே அணைக்க முடியாது. என்ஜின் வாயில் காற்று வேகமெடுக்கும்போது குளிர்வதால், வெளியே பூஜ்யத்துக்கு மேல் சில டிகிரி இருந்தாலும் அங்கே ஐஸ் கட்டும். மி-8இல் மேகத்திலோ மழையிலோ பனியிலோ +5 டிகிரிக்குக் கீழே போனால் தடுப்பைப் போட வேண்டும் என்பது அதனால்தான். கட்டிய ஐஸ் பெயர்ந்து கம்ப்ரஸருக்குள் போனால் என்ஜின் அணையலாம். ஐஸைக் கண்டுபிடிக்க ரியோ-3 என்ற கருவி இருக்கிறது. கதிரியக்கப் பொருள் ஒன்றிலிருந்து வரும் பீட்டா கதிரை ஐஸ் மறைத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். எனக்கு மிகவும் பிடித்த கருவி அது. ஆனால் விளக்கு எரியும் வரை காத்திருப்பது தவறு. அதற்குள் கொஞ்சம் ஐஸ் கட்டியிருக்கும்.

ரோட்டார் இறக்கைகளுக்கு வேறு ஏற்பாடு, மின்சாரச் சூடு. அது இழுப்பது என்ஜின் பலத்தில் சிறு பங்கு. அதைப் போடாமல் விட்டால் இறக்கையில் ஐஸ் ஏறி, அதே உயரத்தில் நிற்கவே கூடுதல் சக்தி கேட்கும். ஒரு பக்கம் கிடைப்பது குறையும், மறுபக்கம் தேவை கூடும்.

ஆக, கணக்கைக் கிளம்புமுன்பே போட வேண்டும். பழைய ப்ளாக் ஹாக் என்ற அமெரிக்க ஹெலிகாப்டரின் கையேட்டில் இது வெளிப்படையாகவே இருக்கிறது: என்ஜின் ஐஸ் தடுப்பு போட்டால் கிடைக்கும் டார்க்கில் 16 சதவீதத்தைக் கழி, காக்பிட் ஹீட்டருக்கு இன்னொரு 4. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது! அந்த அளவுக்கு ஆளையோ எரிபொருளையோ இறக்கிவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும். நான் அன்று 400 கிலோ இறக்கியிருந்தால் தரையிறங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதையும் பறந்து பார்க்கப் போகிறேன்.

இதையெல்லாம் பனியையே நேரில் பார்க்காத நான், தினமும் காலையில் டொரொன்டோவில் கார் கண்ணாடியில் ஐஸ் சுரண்டுகிற உனக்கு எழுதுவது விசித்திரம்தான். உறைமழை பெய்த மறுநாள் கம்பிகளெல்லாம் கண்ணாடிக் குழாய் மாதிரி தொங்கின என்று எழுதியிருந்தாயே, எவ்வளவு நேரத்தில் எத்தனை தடிமன் ஏறியது என்று முடிந்தால் அளந்து சொல். சிமுலேட்டரில் அது ஏறும் வேகம் நம்பும்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வனஜா உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அம்மா உனக்குத் தனியாக ஆசீர்வாதம் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை உனக்குக் காலை எட்டு மணி, எனக்கு மாலை ஆறரை. மி-8இல் நீ வலது இருக்கையில் உட்கார், முள்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வா. அதே முகட்டுக்குப் போகலாம்.

உன்,
பாஸ்கர்