ஜிம் வேலைக்காரர் அல்ல

சிறுவர் செவ்வியல் வரிசையின் பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். ஜூனிலும் ஆகஸ்டிலும் நான் எழுதிய இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்ததை உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் உறுதிசெய்தார். ஆகவே விவரங்களை மறுபடி அடுக்கவில்லை. மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ சுருக்கப் பதிப்பை அடுத்த முறை அச்சிடும்போது முப்பத்தொன்றாம் அத்தியாயத்தைத் திரும்பச் சேருங்கள். ‘அடிமை’ என்ற சொல்லையும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். ‘வேலைக்காரன் ஜிம்மைக் காப்பாற்ற ஹக் முடிவுசெய்தான்’ என்ற உங்கள் வரி வந்ததும் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “கூடவே வந்தவரைக் காப்பாற்ற எதற்கு ஐயா முடிவுசெய்ய வேண்டும்?”

என்ன சொல்வேன்? புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொன்னேன். ஜிம்மை நாற்பது டாலருக்கு விற்றுவிட்டார்கள். தப்பி ஓடிய அடிமைக்கு உதவுவது திருட்டு, செய்தால் நரகம் என்று ஊரும் தேவாலயமும் சிறுவன் ஹக்கின் மண்டையில் ஏற்றி வைத்திருக்கின்றன. அதை அவன் முழுதாக நம்புகிறான். மண்டியிட்டு ஜெபிக்கப் பார்க்கிறான், வாய் வரவில்லை. ஜிம்மின் எஜமானி மிஸ் வாட்சனுக்குக் காட்டிக்கொடுத்துக் கடிதம் எழுதியதும் பாவம் கழுவியதுபோல் மனம் லேசாகிறது. பிறகு ஜிம்மோடு தெப்பத்தில் வந்த நதி நினைவுக்கு வருகிறது. இவன் தூங்கட்டும் என்று இவனுடைய காவல் முறையையும் சேர்த்து விழித்திருந்த ஜிம் நினைவுக்கு வருகிறார். சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழிக்கிறான். தான் செய்தது நல்லது என்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது. கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சிறுமி நோட்டைத் திறந்து, “எந்தப் பக்கம் ஐயா?” என்றாள். இதில் இல்லை அம்மா என்றேன்.

‘குழந்தைகளுக்குப் பாவம், நரகம் எல்லாம் எதற்கு’ என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நல்லது. ‘வேலைக்காரன்’ எதற்கு? மிஸ் வாட்சன் தன்னை எண்ணூறு டாலருக்கு நியூ ஆர்லியன்ஸுக்கு விற்கப்போகிறார் என்று காதில் விழுந்துதான் ஜிம் ஓடுகிறார். உங்கள் பதிப்பில் ‘வேலை பிடிக்காமல்’ ஓடுகிறார். சம்பள பாக்கியா? தீபாவளிக்கு விடுப்புத் தரவில்லையா? 2011-இல் அலபாமாவில் ஒரு பதிப்பகம் இந்த நாவலில் இருநூறு இடங்களுக்கு மேல் வரும், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டது. அதற்கே பெரிய சர்ச்சை எழுந்தது. நீங்கள் அந்த ‘அடிமை’யையும் எடுத்துவிட்டீர்கள்.

இந்த ஒரு புத்தகம் மட்டுமா? உங்கள் வரிசையில் எந்தக் கதையை எடுத்தாலும் ‘நட்பே சிறந்தது’ என்று முடிகிறது. பின்னால் ஐந்து கேள்விகள். ஹக்கின் நண்பன் பெயர் என்ன, இரண்டு மதிப்பெண். மிஸ் வாட்சன் இறக்கும்போது உயிலில் ஜிம்முக்கு விடுதலை எழுதிவைத்தது ஹக்கின் நண்பன் டாமுக்குத் தெரியும். தெரிந்தும், விளையாட்டு கெட்டுவிடுமே என்று வாயைத் திறக்காமல் ஜிம்மைக் கொட்டகையில் அடைபட்டுக் கிடக்கவிடுகிறான். அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் பதிப்பில் உயிலும் இல்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். அந்த அத்தியாயம் உங்கள் எழுத்தளவில் எட்டுப் பக்கம் வரும். தாள் செலவு இடிக்கிறதென்றால், ராஜா, பிரபு என்று சொல்லித் திரியும் இரண்டு மோசடிக்காரர்கள் நாடகம் போடும் கூத்துக்குக் கொடுத்த படங்களில் நான்கைக் குறைக்கலாம். தயவுசெய்து சேருங்கள், முடியாதென்றால் அதையாவது ஒரு வரியில் எழுதுங்கள்.

நூலகப் பிரதியில் 70-ஆம் பக்கத்துக்கும் 71-ஆம் பக்கத்துக்கும் நடுவே, அந்த அத்தியாயத்தை என் கையால் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வாசிப்பவன்