நாலு கோடு சிக்னல் இருந்தும் போகாத கால்: மொபைல் நெட்வொர்க் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மொபைல் நெட்வொர்க் கம்பெனி நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நீங்க 3ஜி-யை நிறுத்தி ரெண்டு மாசம் ஆகுது. பழைய கருவிகளை வச்சு பராமரிக்கறது கஷ்டம், அந்த அலைவரிசை 4ஜி-க்கும் 5ஜி-க்கும் வேணும், எல்லாம் எனக்கு புரியுது, அதுல உங்களோட எனக்கு சண்டை கிடையாது. வெளிநாட்டுல வாங்குன போன்ல உங்க சிம்மை போட்டா நெட்டு நல்லா ஓடும், கால் மட்டும் போகாதுங்கற விஷயமும் உங்களுக்கு புதுசு கிடையாது, உங்க கஸ்டமர் கேர் ஆளுங்க தினமும் கேக்கற புகார் தான். அதனால பின்கதை எல்லாம் வேண்டாம். ஒரு ராத்திரி எங்க வீட்டுல நடந்ததை மட்டும் சொல்லிட்டு ஒரே ஒரு விஷயம் கேக்கறேன்.

எங்க அம்மா வச்சிருக்கற போன் எங்க அண்ணன் வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்து குடுத்தது. ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. கால் வந்தா மேல 4ஜி-ன்னு இருக்கறது எச்-னு (3ஜி-க்கான குறி) மாறும், பேசி வச்சதும் திரும்ப 4ஜி வந்துடும், அம்மா அதை கவனிச்சது கூட இல்ல. 3ஜி-யை நிறுத்தறதுக்கு முன்னாடி நீங்க ஒரு மெசேஜ் அனுப்புனீங்க, "4ஜி போன் வைத்திருப்பவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை"ன்னு. அம்மா அதை எனக்கு படிச்சு காட்டி, நம்ம போன் 4ஜி தானேன்னு கேட்டாங்க, ஆமாம்மா கவலைப்படாதீங்கன்னு நான் தான் சொன்னேன். நானும் அண்ணனும் எப்பவும் வாட்ஸ்அப்ல தான் கூப்பிடுவோம், அதனால அதுக்கு அப்புறமும் எங்களுக்கு வித்தியாசம் தெரியல. யாரோ ரெண்டு பேர் "உங்க அம்மா நம்பருக்கு லைனே கிடைக்கல"ன்னு சொன்னப்போ டவர் பிரச்சனையா இருக்கும்னு விட்டுட்டேன்.

நிறுத்துன மூணாவது வாரம், ராத்திரி ரெண்டரை மணிக்கு அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார், எந்திரிக்க முடியல. அம்மா போனை எடுத்து எனக்கு அடிச்சிருக்காங்க. "அழைக்கிறது"ன்னு வருது, ரிங் போற சத்தம் இல்ல, கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு தானா கட் ஆகுது. திரும்ப அடிக்கறாங்க, திரும்ப அதே. அண்ணனுக்கு அடிச்சிருக்காங்க, சித்தப்பாவுக்கு அடிச்சிருக்காங்க, ஒன்னும் போகல. வாட்ஸ்அப்ல வர்ற காலை எடுக்கத் தெரியும், அவங்களா போடத் தெரியாது. கடைசில அப்பாவை ஈரத் தரையில அப்படியே விட்டுட்டு வெளிய ஓடி, பக்கத்து வீட்டு கதவை தட்டி எழுப்பி, அவங்க போன்ல இருந்து எனக்கு கால் வரும்போது மணி மூணு தாண்டிடுச்சு. இடுப்பு எலும்பு முறிவு. அப்பா இப்போ தேறிட்டு வர்றார். நெஞ்சு வலியா இருந்திருந்தா அந்த அரை மணி நேரம் என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்காத நாள் இல்ல.

மறுநாள் ஆஸ்பத்திரியில அம்மா போனை வாங்கி பாத்தேன். கால் லிஸ்ட்ல என் பேரு வரிசையா ஆறு தடவை, ஒவ்வொன்னுக்கும் நேரா 0 நொடி. என் போன்ல ஒரே ஒரு மிஸ்டு கால் கூட இல்ல. மேல சிக்னல் நாலு கோடும் முழுசா நிக்குது, பக்கத்துல 4ஜி. அந்த நாலு கோட்டை நம்பித்தான் அம்மா திரும்ப திரும்ப அடிச்சிருக்காங்க. "நான் தான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனாடா"ன்னு என்கிட்ட கேட்டாங்க. ராத்திரி முழுக்க அழுது முகம் எல்லாம் வீங்கி இருக்கு, அந்த நேரத்துலயும் தப்பு தன் மேலயோன்னு தான் அம்மாவுக்கு சந்தேகம், உங்க மேல துளி சந்தேகம் வரல. அந்த கேள்விக்கு நீங்க தான் பதில் சொல்லணும்னு தான் இந்த மடலே.

4ஜி-ல டேட்டா மட்டும் தான் ஓடும், பழைய மாதிரி குரலுக்குன்னு தனி வழி கிடையாது. குரலையும் டேட்டாவா மாத்தி அனுப்பற வோல்டிஇ இருந்தா தான் 4ஜி-லயே பேச முடியும், அது இல்லாத போன் கால் வரும்போது 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கி பேசிட்டு திரும்ப ஏறும். அம்மா போன் ரெண்டு வருஷமா எச்-க்கு மாறிட்டு இருந்தது அதனால தான். 2ஜி-யை முன்னாடியே மூடிட்டீங்க, இப்போ 3ஜி-யும் போச்சு, இறங்கறதுக்கு படியே இல்ல. சரி, அப்போ அந்த போன்ல வோல்டிஇ இல்லையான்னு கேட்டா, இருக்கு. முழுசா இருக்கு. அப்பாவை பாக்க அண்ணன் வந்தப்போ அவரோட வெளிநாட்டு சிம்மை அதே போன்ல போட்டு, அதே ஹால்ல உக்காந்து, எனக்கு ஒரு கால் போட்டோம். ரிங் போச்சு, பேசுனோம், பேசி முடிக்கற வரைக்கும் மேல 4ஜி மாறவே இல்ல. ரோமிங்ல குரல் அவங்க ஊர் சர்வருக்கு போயிட்டு வருதுன்னு எனக்கும் தெரியும், ஆனா டவர் உங்க டவர், அலைவரிசை உங்க அலைவரிசை, போன் அதே போன். சிம்மை கழட்டிட்டு உங்க சிம்மை போட்டோம், போன் திரும்ப ஊமையாயிடுச்சு. டயல் பேட்ல *#*#4636#*#* போட்டா வர்ற பக்கத்துல ஐஎம்எஸ் (வோல்டிஇ கால் ஓடற அமைப்பு) நிலைன்னு ஒரு வரி இருக்கும், அண்ணன் சிம்முக்கு "ரெஜிஸ்டர்டு", உங்க சிம்முக்கு "நாட் ரெஜிஸ்டர்டு". ரெண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட் வச்சிருக்கேன்.

ஆக போன்ல கோளாறு இல்ல. உங்க நெட்வொர்க்குக்கு உண்டான செட்டிங் அந்த போனுக்குள்ள இல்ல, இல்லன்னா நீங்க சோதிச்சு ஏத்துக்கிட்ட மாடல் பட்டியல்ல அந்த மாடல் இல்ல, ரெண்டுல ஒன்னு. சாம்சங்ல சிஎஸ்சி-ங்கறாங்க, ஐபோன்ல கேரியர் பண்டில்ங்கறாங்க, குவால்காம் சிப் போட்ட போன்ல எம்பிஎன் ஃபைல்ங்கறாங்க, பேரு என்னவா வேணா இருக்கட்டும், விஷயம் ஒன்னு தான், நீங்களும் போன் கம்பெனியும் பேசி வச்சுக்கிட்டா தான் அந்த கதவு திறக்கும். இத்தனைக்கும் உலக மொபைல் கம்பெனிகளோட சங்கமான ஜிஎஸ்எம்ஏ 2010-லயே ஐஆர்.92-ன்னு ஒரு பொது விதிமுறை போட்டுடுச்சு, அதைப் பின்பற்றுனா எந்த போனும் எந்த நெட்வொர்க்லயும் 4ஜி-ல பேசணுங்கறது தான் அதோட நோக்கம். அப்படி ஒரு விதிமுறை இருந்தும் ஒவ்வொரு மாடலையும் வாசல்ல நிறுத்தி வச்சு பாக்கறது என்ன நியாயம்?

என் கோரிக்கை இது தான். எந்தெந்த மாடலுக்கு வோல்டிஇ குடுத்திருக்கீங்கன்னு பட்டியலை வெளிப்படையா போடுங்க. பட்டியல்ல இல்லாத போனா இருந்தாலும் அந்த பொது விதிமுறைப்படி பதிவு கேட்டு வந்தா திறந்து விடுங்க.

எல்லா வெளிநாட்டு போனும் எல்லா இடத்துலயும் வேலை செய்யணும்னு நான் கேக்கல. அமெரிக்காவுக்குன்னு செஞ்ச போன்ல 12, 13, 71-ன்னு பேண்ட் (அலைவரிசை எண்) இருக்கும், வேற பல நாட்டுல ஓடற பேண்ட் 20 இல்லாம போகலாம், அது வன்பொருள் சம்பந்தப்பட்டது, அதுக்கு உங்களை குத்தம் சொன்னா அது என் தப்பு. வாங்கறதுக்கு முன்னாடி பேண்ட் பாத்து வாங்குங்கன்னு நானே பத்து பேருக்கு சொல்லியிருக்கேன். ஆனா பேண்ட் பொருந்தி, டேட்டா ஓடி, சிக்னல் முழுசா நிக்கற போன்ல குரலை மட்டும் தடுக்கறது வன்பொருள் பிரச்சனை ஆகாது, அது உங்க முடிவு. முடிவுன்னா மாத்திக்கலாம்.

உங்க கஸ்டமர் கேருக்கு அஞ்சு தடவை பேசிட்டேன். முதல் ஆள் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொன்னார், ரெண்டாவது ஆள் ஏபிஎன்-ங்கற நெட் செட்டிங்கை மாத்த சொன்னார், மூணாவது தடவை சிம்மையே மாத்த சொன்னாங்க, போய் வரிசையில நின்னு மாத்துனேன், ஒன்னும் நடக்கல. நாலாவது தடவை "இது வெளிநாட்டு போன் சார், நாங்க பொறுப்பு இல்ல, போன் கம்பெனியை கேளுங்க"ன்னாங்க. போன் கம்பெனிக்கு எழுதுனேன், "வோல்டிஇ உங்க நெட்வொர்க் நிறுவனத்தின் முடிவு"ன்னு பதில் வந்துச்சு. அஞ்சாவது தடவை அந்த பதிலை உங்க ஆளுக்கு படிச்சு காட்டுனேன், "புது போன் வாங்கிக்கோங்க சார்"னு சொல்லி வச்சுட்டார். அவர் மேல எனக்கு கோபம் இல்ல, அவர் கையில எந்த அதிகாரமும் குடுக்காம அந்த நாற்காலியில உக்கார வச்சிருக்கீங்க. ஆனா யோசிச்சு பாருங்க, ரெண்டு வருஷம் ஆன, கீறல் கூட விழாத போன், இன்னும் நாலு வருஷம் ஓடும், அதை குப்பையில போடுன்னு சொல்றது அவ்வளவு சாதாரணமா வருது உங்க வாயில இருந்து. வெளிநாட்டு போன் வச்சிருக்கறவன் எல்லாம் பணக்காரன்னு நினைச்சுக்கிட்டீங்களான்னு தெரியல. வேலைக்கு போன புள்ளை அம்மா அப்பாவுக்கு வாங்கி அனுப்புனது, படிச்சு முடிச்சு திரும்பி வந்தவங்க கையோட கொண்டு வந்தது, சொந்தக்காரங்க பழசை குடுத்துட்டு போனது, இப்படித்தான் பெரும்பாலான போன் வருது. இசிம் (கார்டு இல்லாம போனுக்குள்ளயே இருக்கற சிம்) கதையும் இதே மாதிரி தான், 2022-ல வந்த ஐபோன் 14-ல இருந்து அமெரிக்காவுக்குன்னு வர்ற புது ஐபோன்ல சிம் போடற இடமே கிடையாது, அதை கொண்டு வர்றவங்க ஒரு இசிம்முக்காக எத்தனை நாள் அலையறாங்கன்னு உங்க கவுன்ட்டர்ல ஒரு நாள் நின்னு பாருங்க. சரி, அதை இன்னொரு நாள் பேசிக்கலாம், இன்னைக்கு நான் கேக்கறது குரலை பத்தி மட்டும்.

இது யாரும் எதிர்பாக்காத பிரச்சனைன்னு மட்டும் தயவு செஞ்சு சொல்லாதீங்க. அமெரிக்காவுல ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில 3ஜி-யை மூடும்போது எந்தெந்த மாடல் ஓடும்னு ஒரு பட்டியல் போட்டாங்க, வோல்டிஇ இருந்தும் பட்டியல்ல இல்லாத போன்கள் வெளிய நின்னுச்சு, அதுக்கு வாடிக்கையாளர்கள் எவ்வளவு கொதிச்சாங்கங்கறது உங்க துறையில எல்லாருக்கும் தெரியும். அந்த பட்டியலை நான் நியாயப்படுத்தல, ஆனா பாத்து தெரிஞ்சுக்க ஒரு தாளாவது இருந்துச்சு, நீங்க அதுவும் தரல. ஆஸ்திரேலியாவுல டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28-ல இருந்து 3ஜி-யை மூட ஆரம்பிச்சாங்க. சில போன்ல சாதாரண கால் 4ஜி-ல போகுது, ஆனா அவசர எண்ணுக்கு அடிச்சா மட்டும் 3ஜி-யை தேடுதுன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு, அரசாங்கம் தலையிட்டு அப்படிப்பட்ட போனை நெட்வொர்க்லயே விடக்கூடாதுன்னு விதியை கடுமையாக்குச்சு. வெளிநாட்டுல வாங்குன போன் வச்சிருந்தவங்களும் அதுல மாட்டுனாங்க, கஷ்டம் தான். ஆனா அவசரத்துக்கு கால் போகாத போனை போகும்னு நம்பி ஒருத்தர் கையில வச்சிருக்கக் கூடாதுங்கற அக்கறை அதுல இருந்துச்சு. எங்க அம்மா கையில அப்படி ஒரு போன் மூணு வாரம் இருந்துச்சு, நாலு கோடு சிக்னலோட.

உங்களால முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாதா? தாராளமா முடியும். போனோட ஐஎம்இஐ-ங்கற அடையாள எண் 15 இலக்கம், அதுல முதல் 8 இலக்கத்தை பாத்தாலே எந்த மாடல்னு தெரிஞ்சுடும், சிம் நெட்வொர்க்ல ஏறும்போதே அது உங்களுக்கு வந்துடுது. 4ஜி-ல இருக்கு, ஆனா வோல்டிஇ-ல பதிவாகல, கால் எல்லாம் 3ஜி-ல தான் போகுதுன்னு ஒவ்வொரு நம்பருக்கும் உங்க கணக்குலயே இருக்கும். அந்த நம்பருக்கு மட்டும் தனியா ஒரு மெசேஜ், "3ஜி போனதுக்கு அப்புறம் உங்க போன்ல பேச முடியாது"ன்னு. ரீசார்ஜ் முடியப் போகுதுன்னா ஒரு நாளைக்கு மூணு தடவை ஞாபகப்படுத்தறீங்க, இதுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப மனசு வரலையே உங்களுக்கு.

கோபத்துல ஏதாவது கூட சொல்லியிருந்தா மன்னிச்சுக்கோங்க. தயவு செஞ்சு, பட்டியலை வெளியிடுங்க, விதிமுறைப்படி இருக்கற எல்லா போனுக்கும் வோல்டிஇ-யை திறந்து விடுங்க. அதுக்கு நாள் ஆகும்னா, அது வரைக்கும் இன்னும் உங்க நெட்வொர்க்ல ஊமையா இருக்கற ஒவ்வொரு நம்பருக்கும் இந்த வாரமே தகவல் சொல்லுங்க. போன் தயாரிக்கிற கம்பெனிகளும் இதைப் படிச்சா, உங்க பக்கம் ஒரு அப்டேட்ல முடியற வேலைக்கு அடுத்தவங்களை கை காட்டாதீங்கன்னு பணிவோட கேட்டுக்கறேன்.

அம்மாவுக்கு இப்போதைக்கு வேற ஒரு சாதாரண போன் வாங்கி குடுத்திருக்கேன். கால் போகுது. இருந்தாலும் தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை அடிச்சு, ரிங் போகுதான்னு பாத்துட்டு தான் படுக்கறாங்க. அண்ணன் குடுத்த போன் என் மேசை மேல தான் இருக்கு. சோதிச்சு பாக்க உங்களுக்கு அந்த மாடல் வேணும்னா சொல்லுங்க, ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டோட நானே நேர்ல கொண்டு வந்து குடுக்கறேன்.

இப்படிக்கு,
11 வருஷமா உங்க சிம்மை மாத்தாத ஒரு வாடிக்கையாளர்