விடுபட்ட 16 மாணவியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலாலா யூசுப்சாயின் பிறந்த நாளையொட்டி ஜூலை 12 அன்று தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். பணிக்காலம் முழுவதையும் திருநெல்வேலிச் சீமையின் அரசுப் பள்ளிகளில் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியை நான், மேலப்பாளையத்தில் வசிக்கிறேன். கட்டுரை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வேனில் மலாலா மீது பாய்ந்த குண்டுக்கும், அவர் சிகிச்சை பெற்ற பர்மிங்காம் மருத்துவமனைக்கும், நோபல் மேடைக்கும் போய்விட்டது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகள் ஒரே வரியில் முடிந்துவிட்டன. ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு வரிக்குள் இருப்பதுதான் முக்கியம் என்பதால் இதை எழுதுகிறேன்.

2009 ஜனவரியில், 11 வயதில், 'குல் மக்காய்' என்ற புனைபெயரில் மலாலா பிபிசி உருது தளத்துக்கு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஜனவரி 15-க்குப் பிறகு எந்தப் பெண் பிள்ளையும் பள்ளிக்குப் போகக் கூடாது என்று பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் தாலிபான்கள் கெடு விதித்திருந்த சமயம் அது. ஜனவரி 3-ஆம் தேதிக் குறிப்பில், வகுப்பில் உள்ள 27 பேரில் அன்று வந்தவர்கள் 11 பேர்தான் என்று அவர் எழுதுகிறார். தோழியர் மூவர் குடும்பத்தோடு பெஷாவருக்கும் லாகூருக்கும் ராவல்பிண்டிக்கும் குடிபெயர்ந்துவிட்டதாகவும் சொல்கிறார். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசித்துப் பழகிய எவருக்கும் இதைப் படித்தவுடன் வராத 16 பேர் மீதுதான் மனம் போகும். அவர்கள் மீது ஒரு குண்டும் படவில்லை. கெடு முடிவதற்கு இன்னும் 12 நாள்கள் இருந்தன. அதற்குள்ளாகவே வகுப்பில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது.

இது எப்படி நடந்தது என்பதைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். அங்கே தாலிபான் தளபதி ஃபஸ்லுல்லாவிடம் துப்பாக்கிக்கு முன்பே ஒரு பண்பலை வானொலி இருந்தது. தொடக்கத்தில் மார்க்க உபதேசமும் நல்லொழுக்கமும் பேசிய அந்தக் குரலை நம்பி, பெண்களே தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். பிறகு அதே வானொலியில், பள்ளியை விட்டு நின்ற சிறுமிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு, அவர்களுக்குப் பாராட்டும் தெரிவிக்கப்பட்டது. பள்ளிக்கு வந்தவர்களின் பெயரை நாங்கள் வாசித்தோம். அங்கே நின்றுபோனவர்களின் பெயரை வாசித்தார்கள். அண்டை வீட்டுப் பெண்ணின் பெயர் மரியாதையோடு வானொலியில் வரும்போது தன் மகள் மட்டும் புத்தகப் பையோடு தெருவில் நடப்பதை எத்தனை தகப்பன்மாரால் தாங்கிக்கொள்ள முடியும்? இதற்கும் அடங்காத இடங்களில்தான் வெடிமருந்து வந்தது. 400-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அழிக்கப்பட்டதாக மலாலாவே தம் நோபல் உரையில் குறிப்பிட்டார்.

அந்த நாட்குறிப்பில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடங்கள் இரண்டு உண்டு. சீருடை போட்டால் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் சாதாரண உடையில் வரும்படி தலைமையாசிரியர் சொல்லியிருந்ததால், சிறுமி தனக்குப் பிடித்த இளஞ்சிவப்பு உடையை அணிந்து போகிறாள்; அன்று காலைக் கூட்டத்தில், பளிச்சென்ற நிறத்தில் உடுத்தினாலும் தாலிபான்கள் ஆட்சேபிப்பார்கள், அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். மற்றொன்று ஜனவரி 14-ஆம் தேதிக் குறிப்பு. குளிர்கால விடுமுறையை அறிவித்த தலைமையாசிரியர், பள்ளி மீண்டும் திறக்கும் தேதியைச் சொல்லவில்லை. முன்பெல்லாம் தேதியைத் தெளிவாகச் சொல்வார்கள், இப்படி நடப்பது இதுவே முதல் முறை என்று அந்தப் பிள்ளை கவனித்து எழுதியிருக்கிறது. எத்தனையோ முழுஆண்டு விடுமுறைகளைப் பார்த்த எனக்கு, திறக்கும் தேதி எழுதாத ஒரு விடுமுறைச் சுற்றறிக்கையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

2021-இல் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்த ஆப்கானிஸ்தானில் இன்று நடப்பது அதுவேதான். 2022 மார்ச் 23 அன்று உயர்நிலைப் பள்ளிகள் திறக்கப்படும் என்று நம்பி வந்த மாணவியர் அன்றைக்கே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி கிடையாது. அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. 2024 டிசம்பரில் செவிலியர், பேறுகால உதவியாளர் பயிற்சியும் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. பெண்ணுக்குப் பெண்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்களே பெண் மருத்துவர் உருவாகும் வழியையும் அடைத்தால், இன்னும் பத்தாண்டுகளில் அங்கே பிரசவம் பார்ப்பது யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. 2021-க்குப் பிறகு 14 லட்சம் சிறுமியருக்காவது இடைநிலைக் கல்வி வேண்டுமென்றே மறுக்கப்பட்டிருப்பதாக யுனெஸ்கோ 2024-இல் கணக்கிட்டது. மலாலாவின் கதை 2014-இல் பரிசோடு சுபமாக முடிந்ததுபோல் எழுதப்படுவதால், இந்த 14 லட்சம் பேர் அதன் தொடர்ச்சி என்பதே வாசகருக்குத் தோன்றாமல் போகிறது.

வாசகர் கடிதங்களில் இரண்டு, இதெல்லாம் 'அந்த மதத்தில்' சகஜம் என்ற தொனியில் இருந்தன. அந்த மதத்தைச் சேர்ந்தவள் என்ற முறையில் இதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பள்ளியை நடத்திய மலாலாவின் தந்தை ஜியாவுத்தீன், பயத்தோடு வகுப்பெடுத்த ஆசிரியைகள், கெடு விதிக்கப்பட்ட பிறகும் வந்த 11 சிறுமியர், பெஷாவரில் மண்டையைத் திறந்து உயிரைக் காத்த ராணுவ மருத்துவர் என எல்லோரும் முஸ்லிம்களே. தாக்குதல் நடந்த சில நாள்களுக்குள், அது இஸ்லாத்துக்கு விரோதமானது என்று பாகிஸ்தானின் சன்னி இத்திஹாத் கவுன்சில் என்ற அமைப்பைச் சேர்ந்த 50 மார்க்க அறிஞர்களாவது ஃபத்வா வெளியிட்டார்கள். மேலப்பாளையத்தில் பெண்களுக்கென்றே அன்னை ஹாஜரா கல்லூரி இருக்கிறது. காலையில் அதன் வாசலில் கூடும் கூட்டத்தைக் கடிதம் எழுதிய அன்பர்கள் ஒரு நாள் வந்து பார்க்கலாம்.

சரி, ஸ்வாத் தூரத்தில் இருக்கிறது. இங்கே அப்படிப்பட்ட கெடு எதுவும் இல்லை, அரசு பெண் கல்விக்குத் துணை நிற்கிறது; இரண்டையும் ஒன்று என்று சொன்னால் அது அநியாயம். ஆனாலும் பதிவேட்டில் ஒரு பெயர் காலியாகும் விதம் இரண்டு இடங்களிலும் அவ்வளவு வேறானதாக எனக்குப் படவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாதியைச் சொல்லித் துன்புறுத்திய சக மாணவர்களுக்குப் பயந்து ஒரு பட்டியல் சமூக மாணவர் பள்ளிக்கு வராமல் இருந்தார். ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் விசாரிக்க, விஷயம் வெளியே வந்தது. ஆகஸ்ட் 9 இரவில் அந்தச் சக மாணவர்கள் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும், அவளும் பள்ளி மாணவிதான், வெட்டுப்பட்டாள். அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் அந்த அண்ணன் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்ததை எல்லோரும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அந்தத் தங்கையின் படிப்பு என்னவாயிற்று என்று நான் படித்த செய்திகள் எதிலும் ஒரு வரியும் இல்லை.

அரிவாள் தூக்காமலே படிப்பு நின்றுபோன பிள்ளைகள் இதைவிடப் பலர். ஒரு கிராமத்தில் என் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி திடீரென்று வராமல் போகவே, வீடு தேடிப் போனேன். திண்ணையில் தாய் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்; மகள் பக்கத்தில் உட்கார்ந்து இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு சாதிப் பையன் ஒருவனோடு பேருந்து நிறுத்தத்தில் பேசினாள் என்று ஒரு சொல் கிளம்பியிருக்கிறது. தெருமுனையில் நிற்கும் பையன்கள் நாலைந்து பேர் வந்து 'எச்சரித்து'விட்டுப் போயிருக்கிறார்கள். "நான் படிக்க வேண்டாம்னு சொல்லல டீச்சர். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு வந்து நிப்பா?" என்றார் அந்தத் தாய், கை பீடியைச் சுருட்டி நூல் கட்டுவதை நிறுத்தாமலே. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிவேட்டில் அந்தப் பிள்ளை 'நீண்ட நாள் வராதவர்' ஆனாள். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதப்பட்டது. மிரட்டல் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை, எழுதும் துணிவும் எங்களில் பலருக்கு இல்லை. இது எந்த ஒரு தெருவுக்கும், சாதிக்கும், மதத்துக்கும் உரிய வழக்கமல்ல என்பதை எங்கள் மாவட்டத்தில் பாடம் நடத்திய யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் நடக்கிறது. அதனால் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளை நானே அறிவேன். ஆனால் அந்தப் பணம் உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் திண்ணைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு அது எட்டாது. சாராள் தக்கர் கல்லூரி பாளையங்கோட்டையில் 1895-இல் தொடங்கியது. தென் தமிழ்நாட்டில் வேறெங்கும் பெண்களுக்குக் கல்லூரி இல்லாத காலத்தில் அது இங்கே வந்தது என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊர் நம்முடையது. அந்தப் பெருமை இன்று கல்லூரி வரை வந்து சேராத பிள்ளைகளின் கணக்கையும் கேட்க வேண்டும்.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை முதல்வரிடம் அளித்தது. சாதி நிறக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்குவது முதலான அதன் பரிந்துரைகளில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் எவை நடைமுறைக்கு வந்துள்ளன, எவை கோப்பிலேயே இருக்கின்றன என்று தங்கள் செய்தியாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய் எழுத வேண்டும். அத்துடன், எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில் நின்றுபோகும் மாணவியரில் 'குடும்பச் சூழ்நிலை' என்று குறிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கும் அவர்கள் போக வேண்டும். பெயரையும் ஊரையும் வெளியிடாமல் எழுதினால் தாய்மார் பேசுவார்கள், என்னிடம் பேசியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். 2014-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசை மலாலா தனியாகப் பெற்றதுபோல் கட்டுரையில் உள்ளது. அதைக் குழந்தைத் தொழிலாளர் மீட்புக்காக உழைத்துவரும் நம் நாட்டின் கைலாஷ் சத்யார்த்தியுடன் அவர் பகிர்ந்துகொண்டார். பீடி சுற்றும் ஊர்களில் விற்பனையாகும் ஓர் இதழ் அந்தப் பெயரை விட்டிருக்க வேண்டாம். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.