காணி மக்களின் சாற்றுப்பாட்டைப் பதிவு செய்து பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
விக்கிரமசிங்கபுரம் பொதுமக்கள்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: காணிப் பழங்குடியினரின் வாய்மொழி மரபைப் பதிவு செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சமவெளியில் இறங்கும் இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. நவகைலாயங்களில் முதலாவதான பாபநாசம் கோயிலையும், அருவி நீரின் விசையை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் நிறுவிய நூற்பாலையையும் ஊர் வரலாறாகப் பலரும் அறிவர். தேனும் நல்லமிளகும் மரச்சீனிக்கிழங்கும் கொண்டு மலையிறங்கி வரும் காணி மக்களின் வரலாறோ பெரும்பாலும் அவர்களுடைய முதியோரின் நினைவிலேயே தங்கியிருக்கிறது.

ஆதிச்சநல்லூரில் 1899-இல் அலெக்சாண்டர் ரீ தொடங்கிய அகழாய்விலிருந்து, சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது வரை, பொருநை எனும் தாமிரபரணியின் தொன்மையை அறிய அரசு எடுத்துவரும் முயற்சிகளில் எங்களுக்குப் பெருமிதம் உண்டு. அதே ஆற்றின் தலைமாட்டில் இன்றும் பாடப்படும் தொன்மைக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டும்.

பல் பல்லாக வெட்டிய இரும்புக் குழலாகிய கொக்கரையைக் கம்பியால் உரசி, காணிகளின் பூசாரியும் மருத்துவருமான பிலாத்தி முன்னின்று இரவெல்லாம் பாடும் சாற்றுப்பாட்டு, நோய் தீரவும் விளைச்சல் செழிக்கவும் பாடப்படுவது. அகத்தியரைத் தங்கள் குருவாகக் கொண்ட இம்மக்களின் மொழிக்குத் தனி எழுத்து இல்லாததால், பாடுகிற முதியவர் ஒருவர் மறைந்தால் அவரறிந்த பாட்டும் அவரோடு போய்விடுகிறது.

ஆகவே, உதகமண்டலத்திலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் துணையோடு, மயிலாறு, சேர்வலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் இப்பாடல்களை ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்து, படிகளைக் குடியிருப்புகளிலும் எங்கள் ஊர் நூலகத்திலும் வைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். இளைய காணிகளுக்கே பயிற்சியும் ஊதியமும் அளித்து இப்பணியில் அமர்த்துவது முறையாக இருக்கும்.

எதைப் பதிவு செய்யலாம், எது வெளியார் செவிக்கு உரியதன்று என்பதை காணிகளின் தலைவரான மூட்டுக்காணியும் குடியிருப்பின் மக்களுமே முடிவு செய்ய வேண்டும். மரபறிவின் மீதான சமூக உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. மலையின் கேரளப் பக்கத்தில் காணிகள் 1987-இல் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானபோது, வருவாயில் அவர்களுக்கும் பங்கு தரப்பட்டது. பாட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

பாடத் தெரிந்தவர்கள் முதுமையில் இருப்பதால், முதற்கட்டப் பதிவை வரும் ஆடி அமாவாசைக்கு முன்பே தொடங்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விக்கிரமசிங்கபுரம் பொதுமக்கள்