பயிற்சியாளரை மட்டும் திட்டிப் பயனில்லை

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ்.ஸில் (மேஜர் லீக் சாக்கர்) புதிய அணி தோற்றால் முதல் அடி பயிற்சியாளருக்குத்தான். 2017இல் அறிமுகமான மின்னசோட்டா யுனைடெட் முதல் 4 ஆட்டங்களில் வாங்கியது 18 கோல். கொட்டும் பனியில், ஆரஞ்சு நிறப் பந்தில் நடந்த முதல் உள்ளூர் ஆட்டத்தில் அட்லாண்டாவிடம் 1-6. பயிற்சியாளர் ஏட்ரியன் ஹீத்தை நீக்கச் சொல்லி ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த சீசனில் 34 ஆட்டங்களில் 70 கோல் போனது, மறுவருடம் 71!

ஓட்டை எங்கே என்பதைப் பலர் பார்க்கவில்லை. நடுக்களத்தில் பந்தைப் பறிகொடுத்தால் எதிரணியைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. சென்டர்-பேக்குகள் (கோலுக்கு முன்னால் நிற்கும் நடுத் தடுப்பாளர்கள்) நேரடியாக மாட்டிக்கொண்டார்கள். 2019இல் கோல்கீப்பர் மன்னோனே, தடுப்பாளர் ஒபாரா, தற்காப்பு நடுக்கள வீரர் அலோன்சோ என முதுகெலும்பையே மாற்றினார்கள். வாங்கிய கோல் 43 ஆகக் குறைந்தது, மேற்குப் பிரிவில் 4ஆம் இடம். பயிற்சியாளர் அதே ஹீத்தான். (இரண்டு வருடம் தாமதம் என்ற குறை நியாயமே, அதில் நிர்வாகத்துக்கும் பங்குண்டு.)

இன்னொரு புதிய அணியான சின்சினாட்டி 2019இல் சீசன் நடுவிலேயே பயிற்சியாளரை மாற்றியது. அப்படியும் 75 கோல் வாங்கிக் கடைசி இடத்தில்தான் முடித்தது.

- ஒரு வாசகர்