எங்கள் தெருத் தாய்மார் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன சித்திரையில் ஆரம்பித்தபோது, பல் முளைக்காத பிள்ளைக்குப் படம் வரைய ஒரு சங்கமா என்று பாளையங்கோட்டையில் சிரிக்காத ஆள் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு கூடினோம். ஆனித் தேரோட்டத்தை ஒட்டி வந்த ஞாயிறு மட்டும் ஒருத்தரும் வரவில்லை, செயலாளரும் அன்றைக்கு ரதவீதியில்தான் நின்றேன்.

கைக்குழந்தைகளுக்குச் செலவே கிடையாது. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கறுப்பு மார்க்கரால் தடித்த கோடும் வட்டமும் போட்டு, முகத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் பிடித்தோம். பிறந்த புதிதில் 20, 30 சென்டிமீட்டர் வரைதான் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும், அதிலும் கறுப்பு வெள்ளைதான் சட்டென்று கண்ணை இழுக்கும். அழுதுகொண்டிருந்த ஒன்று பத்திரிகையையே பார்த்துக் கிடந்தது, "எந்த ஊர்க் கல்யாணம்னு படிக்கான்" என்றார்கள் ஆச்சி.

அப்புறம் பெயிண்ட். இதில் தப்பு என்மேல்தான். போனில் பார்த்துவிட்டுப் பச்சை மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்துவிட்டேன். பிள்ளைகள் கை நேரே வாய்க்குத்தான் போகும், வேகாத மாவில் கிருமி இருக்கும் என்று நம் உறுப்பினரான நர்ஸக்கா அப்படியே கொட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கூழ் வத்தலுக்குக் கிண்டுகிற மாதிரி அரிசி மாவை வேகவைத்து, உப்பும் மிளகாயும் போடாமல், ஆறவைத்து, பீட்ரூட் சாறு, மஞ்சள், பசலைக்கீரைச் சாறு கலந்தோம். 6 மாதம் கழிந்து சோறு ஊட்டுகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது. தாம்பாளத்தில் ஊற்றி முன்னால் வைத்தால் முதலில் ஒரு விரல், பிறகு உள்ளங்கை, கடைசியில் தலைமுடி. தாளில் படம் வரவேண்டும் என்று கையைப் பிடித்து அழுத்தியது நாம்தான், ஸ்டேட்டஸில் போட. வரும் ஆண்டு அதை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம், பிள்ளைக்கு அந்தக் கொழகொழப்புதான் வேண்டியிருக்கிறது.

புளியமுத்தும் குன்றிமுத்தும் ஒட்டலாம் என்று வந்த யோசனையை ஏற்கவில்லை. இரண்டும் தொண்டையில் அடைக்கும், குன்றிமுத்து விஷமும்கூட. உப்பைக் கொட்டிப் பிசைகிற மாவு உருண்டையும் வேண்டாம்.

புகார் ஒன்றுதான் வந்தது. மஞ்சள் பட்ட வெள்ளைச் சட்டையைப் பார் சோப்பு போட்டுத் துவைத்தபோது ரத்தச் சிவப்பாகிவிட்டதாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆவதுதான் அது, சோப்பிலும் காரம் இருக்கிறதே. நன்றாக அலசி வெயிலில் போடச் சொன்னேன், மஞ்சள் வெயிலுக்கு மங்கும். பத்தமடைப் பாயில் ஆன கறைக்கும் அதே வெயில்தான், மாமியாருக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

கணக்கு பெரிதாக இல்லை. சந்தா முழுக்க பீட்ரூட்டுக்குப் போனது, பொருளாளரிடம் சீட்டு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் பழைய வேட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், தரையில் விரிக்க வேண்டும். சங்கத்துப் பெரிய தாம்பாளம் கார்த்திகையிலிருந்து காணவில்லை, யார் வீட்டில் இருந்தாலும் சத்தமில்லாமல் நம் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம்.