ஒட்டுப் போட்டே வாழ்ந்த அப்பா

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
நவம்பர் 2025

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் குட்டியும் நலமாக இருக்க முருகன் அருள் வேண்டும். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் கிரியோலில் எழுதினால் எனக்கு நாலு வரிக்கு மேல் வராது. பேசினால் சண்டை வருகிறது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். கோவில் வகுப்பில் என்னிடமே படித்தவன், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். 1998ல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று நம் சனம் கொதித்ததும், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். நோட்டில் இருக்கும் தமிழை எத்தனை பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள் என்று அப்போது ஒருவர் கேலி செய்தார். என் மகன் படிப்பான் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி.

பின் தெரு டீச்சரம்மாவின் மகள் மூன்று வார லீவில் வந்திருக்கிறாள். வியாழக்கிழமை திரும்புகிறாள், இதை அவள் கையில்தான் கொடுத்து விடுகிறேன். கூடவே மிளகாய் மசவாருவும். உன்னை மான்செஸ்டரில் ஒருநாள் பார்த்ததாகச் சொன்னாள். மைதானத்துப் பக்கம் நீ சைக்கிளில் போனாயாம், நல்ல மழையாம். காதை மூடிக்கொண்டு போ. சின்ன வயதிலேயே உனக்குக் காதில்தான் முதலில் குளிர் ஏறும்.

அன்றைக்குப் போனில் நீ கத்தியதை நான் மறந்துவிட்டேன். ஆனால் நான் சொன்னதை நீ முழுதாகக் கேட்கவில்லை, அதனால் எழுதியே தீரவேண்டியிருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் கிளப் தன் பழைய ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானம் கட்டப் போகிறார்களாம். 200 கோடி பவுண்டாம். நம் தீவின் சனம் மொத்தமே பன்னிரண்டரை லட்சம். பதின்மூன்று ஆட்டத்தில் மொரீஷியஸ் முழுவதையும், கைக்குழந்தை உட்பட, உட்காரவைத்துவிடலாம். படம் பார்த்தேன். மூன்று கம்பம் நட்டுப் பெரிய குடை விரித்த மாதிரி இருக்கிறது. எனக்கு அது கல்யாணப் பந்தலைத்தான் ஞாபகப்படுத்தியது. பந்தல் போடுகிறவன் கையில் காசு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான். அதற்கு நீ அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

தலைக்கு மேல் கடன் வைத்திருக்கும் கிளப் அது. போன வருஷம் 250 பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். அது போதாமல் இந்த வருஷ ஆரம்பத்தில் இன்னும் 200 பேர் வரைக்கும் என்றார்கள். வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். சீசன் நடுவிலே டிக்கெட்டை 66 பவுண்டாக்கி, சின்னப் பிள்ளைக்கும் கிழவனுக்கும் அதே விலை என்றார்கள். ஆடியதோ பதினைந்தாம் இடம்! சமையலறையில் இருப்பவன் வயிற்றைக் காயப்போட்டுவிட்டு மாடி கட்டுகிற வீடு நம் ஊரிலும் உண்டு, உன் பெரியப்பா கட்டவில்லையா?

கூரை ஒழுகுகிறது என்றாய். ஒழுகட்டும். போன வருஷம் மே மாதம் ஆர்சனல் ஆட்டத்தில் கூரையிலிருந்து அருவி மாதிரி கொட்டியதை நானும் டிவியில் பார்த்தேன். நம் வீட்டு மேல்தளம் ஒழுகவில்லையா? புயல் வந்தபோதெல்லாம் தார் பூசி, ஒட்டுப் போட்டு, இன்றைக்கும் அதன் கீழேதான் தூங்குகிறோம். நீயும் அதன் கீழேதான் படித்தாய். "நீங்கள் ஒட்டுப் போட்டே வாழ்ந்தவர் அப்பா" என்றாயே, அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. மறந்துவிட்டேன் என்று மேலே எழுதினேன். மறக்கவில்லை.

1941 மார்ச் 11ஆம் தேதி ஜெர்மன்காரன் போட்ட குண்டில் அந்த மைதானம் நொறுங்கியது. 1949 வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரனான மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோடு மைதானத்தில் இரவல் வாங்கி ஆடினார்கள். அப்புறம் திரும்பி வந்தார்கள். குண்டு விழுந்த இடத்துக்கே திரும்பினார்கள் என்பதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் புது மைதானத்தை அறிவித்ததும் அதே மார்ச் 11தான். தேதி பார்த்துச் செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, எனக்கு அது உறுத்தியது.

நீ முதலில் ஈஸ்ட் ஹாமில் அந்த யாழ்ப்பாணத்து அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது என்ன எழுதினாய்? சனிக்கிழமைகளில் அப்டன் பார்க் மைதானத்துச் சத்தம் அறைக்குள்ளேயே கேட்கிறது என்று எழுதினாய். 2016ல் வெஸ்ட் ஹாம் அதை விட்டுவிட்டு ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது. 35,000 இருந்தது 60,000 ஆனது. ஓட்டப் பந்தயத்துக்காகக் கட்டிய இடம், ஆட்டக்காரன் எறும்பு மாதிரி தெரிகிறான் என்று அந்த அண்ணனே புலம்பவில்லையா? ஆர்சனல் 2006ல் ஹைபரி மைதானத்தை விட்டார்கள். 38,000 இருந்தது 60,000 ஆனது. 2014 வரைக்கும் கைக்கு ஒரு கோப்பை வரவில்லை. எவர்ட்டன் மட்டும் கொஞ்சம் புத்தியாகச் செய்தார்கள். 1892 முதல் ஆடிய குடிசன் மைதானத்தை இந்த வருஷம் விட்டுப் போகும்போது இடித்துத் தள்ளாமல் தங்கள் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போகிறவன் அப்படிப் போகவேண்டும்.

எழுதிக்கொண்டே போகிறேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபுட்பாலா எழுதுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் மருமகள் நீ ஆபீஸில் இருப்பதாகச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆபீஸ் திறப்பார்களா என்று அம்மா என்னைக் கேட்டாள். கம்ப்யூட்டர் வேலை அப்படித்தான், நேரம் காலம் கிடையாது என்று சொல்லி வைத்தேன். சொன்னது சரிதானே?

பணம் அனுப்பவேண்டாம் என்று ஜூலையிலேயே சொன்னேன். செப்டம்பரிலும் அனுப்பியிருக்கிறாய், அக்டோபரிலும் அனுப்பியிருக்கிறாய். எனக்குப் பென்ஷன் வருகிறது, அம்மாவுக்கும் வருகிறது. லிச்சி மரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்து, குத்தகைக்காரன் முன்பணமும் கொடுத்துவிட்டான். எங்களுக்கு என்ன செலவு? நீ அனுப்பியதைத் தொடாமல் வைத்திருக்கிறேன். அனுப்பாதே. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே.

நீ படித்து மான்செஸ்டர் வரைக்கும் போனதை இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. அம்மாவுக்கே அலுத்துப்போகும் அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ எட்டு வாரமாக வீடியோவில் முகம் காட்டவில்லை, குரல் மட்டும்தான். குட்டிக்கு தாத்தா முகம் மறந்துபோகும்.

நம் அஞ்சலை மைதானம் காலியாகக் கிடக்கிறது என்று நீ சொன்னதும் சரிதான். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன். 1943ல் பெல் வ்யூ ஹரெல் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டுச் செத்தாளே நம் அஞ்சலை, வயிற்றில் பிள்ளையோடு, அவள் பெயரில் எவ்வளவு பெரிய மைதானம்! 1999 மே 23ல் அங்கேதான் ஸ்கவுட்ஸ் கிளப்பும் ஃபயர் பிரிகேட் கிளப்பும் ஆடினார்கள். அந்த ஆட்டத்துச் சண்டையில் அன்று இரவு போர்ட் லூயியில் லாமிக்கால் சூதாட்ட விடுதியில் தீ வைத்து ஏழு பேர் கருகிப்போனார்கள். அப்புறம் லீக் நின்றது. இன வாரியாக இருந்த கிளப்புகளை ஊர் வாரியாக மாற்றினார்கள். அதற்கு முன்னாலேயே முஸ்லிம் ஸ்கவுட்ஸை வெறும் ஸ்கவுட்ஸாக மாற்றிப் பார்த்ததுதானே, பெயரை எடுத்தால் மனசிலிருந்து போய்விடுமா? தமிழ் கேடெட்ஸ் கோல் அடித்தால் மட்டும் கத்திய வாய்தான் என்னுடையதும். சண்டையும் போயிற்று, கூட்டமும் போயிற்று. இன்றைக்கு மைதானத்தில் ஆள் இல்லை. எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து லிவர்பூலா மன்யூவா என்று கத்துகிறோம். ஆள் வராவிட்டால் எவ்வளவு பெரிய மைதானமும் கொத்தாத கரும்புக்காடுதான்.

அப்போது உனக்குப் பதினோரு வயது. அதற்கு அப்புறம் உன்னை ஒரு ஆட்டத்துக்கும் நான் கூட்டிப் போகவில்லை. "நீங்கள் மைதானப் பக்கமே போகாதவர், உங்களுக்கு என்ன தெரியும்" என்றாய். அது தப்பு. நான் போனேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ எஸ்.சி. பள்ளிப் பரீட்சை எழுதிய வருஷம், 2004. வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் கோட்டா முடியப் போகிறது என்று ஏற்றுமதி ஸோன் ஆலைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். நான் சாமான் அறையில் கணக்கு எழுதிய அந்தப் பின்னலாடை ஆலை ஜூலை மாதம் எங்களை எடுத்துவிட்டது. உனக்கு ஆலை மூடியது செப்டம்பரில் என்று சொல்லியிருக்கிறேன். இல்லை, ஜூலை. பதினோரு வாரம் நான் தினமும் காலையில் ஆறரைக்குச் சட்டை போட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, வழக்கமான பஸ்ஸில் ஏறி, ஆலை நிறுத்தத்தில் இறங்காமல் கியூர்பிப் வரைக்கும் போனேன். ஜார்ஜ் ஐந்து மைதானத்தில் போய் உட்கார்ந்தேன். காவலாளிக்கு என்னைத் தமிழ் கேடெட்ஸ் காலத்திலிருந்து முகம் தெரியும். ஒன்றும் கேட்கமாட்டார். காலையில் கேட்டைச் சாத்தாமல் விடுவார், அவ்வளவுதான்.

ஆறாயிரம் பேர் உட்காரும் இடத்தில் நான் ஒருவன். கியூர்பிப் மழையைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மூடிய பகுதியில் ஒரு படியில் மட்டும் சாரல் அடிக்காது. அந்தப் படியில் உட்கார்ந்து, புல் வெட்டுகிறவரைப் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டு, நாலரைக்கு எழுந்து வருவேன். ராத்திரி உன்னைக் கணக்குப் புத்தகத்தோடு பார்க்கும்போது, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பரீட்சை முடியட்டும் என்பேன். உண்மையில் பரீட்சைக்காக இல்லை. உன் முன்னால் வேலை இல்லாதவனாக உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதைக் கூட அப்போது நான் கோபமாகத்தான் காட்டினேன். அந்த ஆகஸ்டில் உன் பந்தைக் கத்தியால் குத்தினேனே, படிக்கவில்லை என்று. நீ படித்துக்கொண்டுதான் இருந்தாய்.

அம்மாவுக்கு முதல் வாரமே தெரியும். கால்சட்டையின் பின்பக்கத்தில் சிமெண்டுப் பாசி. ஆலையில் நாற்காலியில் உட்காருகிறவனுக்கு எங்கேயிருந்து பாசி வரும்? அவள் தேய்த்துத் துவைத்துவிட்டு மறுநாளும் கேரியர் கட்டிக் கொடுத்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து கேரியரோடு பழைய நாளிதழும் மடித்து வைத்தாள். நான் உட்காருவதற்கு. அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் இதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்புறம் நாலு வருஷம் கழித்து, நீ விமானம் ஏறிய ராத்திரி.

அதனால் மைதானத்தை விடாதே, இடிக்காதே என்று நான் கத்தியது ஓல்ட் டிராஃபோர்டுக்காக இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? டிவியில் பார்க்கிறவன். 74,000 பேருக்கு மேல் வந்தும் வெளியே அத்தனை பேர் டிக்கெட் இல்லாமல் நிற்கிறார்கள் என்றால் கட்டட்டும். நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும்.

அந்தப் பெண் சொன்னாள், நீ முதுகில் ஒரு பெரிய சதுரப் பை மாட்டியிருந்தாயாம், புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் மசவாரு போத்தல் ஒன்று போதும் என்று நான் சொல்லியும் அவள் நாலு கட்டியிருக்கிறாள். கத்தரிக்காய் ஊறுகாயும், காய்ந்த ஆக்டோபஸும், ஒரு கிலோ துவரம்பருப்பும் வைத்திருக்கிறாள், மான்செஸ்டரில் துவரம்பருப்பே கிடைக்காத மாதிரி. கூடவே உனக்கு ஒரு கம்பளித் தொப்பியும், காதை மூடுகிற மாதிரி. உன் அளவு அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன், முறைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே எட்டரைக்கு, அங்கே நாலரைக்கு, நான் போன் செய்வேன். வீடியோவில்தான் செய்வேன். எதுவும் பேசவேண்டாம், ஆட்டத்தைப் பார்ப்போம். நீ சைக்கிளில் வெளியே இருந்தாலும் எடு. ஓரமாக நிறுத்திவிட்டு எடு, ஓட்டிக்கொண்டே எடுக்காதே.

போத்தல்களை இரட்டைப் பையில் சுற்றியிருக்கிறது. எண்ணெய் கசியும், திறக்கும்போது சட்டையில் படாமல் பார்த்துக்கொள்.

அப்பா